உயிலும் நிலமும்: ஆங்கிலேய யோமன் குடும்பங்களின் கொடிவழியைத் தேடுதல்

பிரபுக்களாகவும் இல்லாமல், கூலிக்கு உழுதவர்களாகவும் இல்லாமல் இடைநிலையில் வாழ்ந்த ஓர் ஆங்கிலேய வேளாண் குடும்பத்தின் முன்னோரை எத்தனை தலைமுறை வரை, எவ்வளவு உறுதியோடு நிறுவ முடியும் என்பது பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே கேட்கப்பட்டுவரும் கேள்வி. யோமன் எனப்பட்ட இந்த இடைநிலையினருக்கு அரச மரபினருக்கு இருந்தது போன்ற வரலாற்றுக் குறிப்பேடுகள் கிடையா. ஆனால் விட்டுச் செல்லச் சொத்து இருந்தது. ஆகவே அவர்களைத் தேடியவர்கள் இறந்தவரின் உயிலையும் அவர் வைத்திருந்த நிலத்தின் ஆவணத்தையும் நாடினர். இவ்விரண்டும் ஒன்றையொன்று நிரப்பும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. நடைமுறையில் இரண்டும் அடிக்கடி வேறுவேறு கதைகளைச் சொல்கின்றன. யோமன் தன் மண்ணில் வேரூன்றியவனா, விலை வந்தால் விற்றுவிட்டுப் போகிறவனா என்ற பெரிய வரலாற்று விவாதமும் அந்த முரணிலிருந்தே பெருமளவு கிளைத்தது.

யோமன் என்ற தகுதி

ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருவாய் தரும் முற்றுரிமை நிலம், அதாவது மேல்நில உடைமையாளரின் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் வழிவழியாக அனுபவிக்கத்தக்க நிலம், உடையவருக்கே கவுண்டித் தேர்தலில் வாக்குரிமை என்று 1429-30இல் ஆங்கில நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சர் தாமஸ் ஸ்மித் ஆங்கில அரசமைப்பைப் பற்றி எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1583இல் வெளியான நூலும் யோமனை இந்த அளவுகோலைக் கொண்டே விளக்கியது. ஆனால் வரையறை ஒருபுறம், வழக்கு இன்னொரு புறம். முன்னாள் ஆயரும் புகழ்பெற்ற பிரசங்கியாருமான ஹியூ லாட்டிமர் 1549இல் மன்னர் ஆறாம் எட்வர்டின் முன் ஆற்றிய பிரசங்கத்தில், தம் தந்தை ஒரு யோமன் என்றும், சொந்த நிலம் ஏதுமின்றி ஆண்டுக்கு மூன்று நான்கு பவுன் குத்தகை நிலத்தில் பயிர் செய்தவர் என்றும் குறிப்பிட்டார். சட்டப்படி பார்த்தால் அவர் யோமன் ஆக முடியாது. ஊரார் கண்ணில் அவர் யோமன்தான்.

இதனால் ஆய்வாளர்களுக்கு ஏற்படும் முதல் இடர்ப்பாடு தெளிவு. ஓர் ஆவணத்தில் யோமன் எனப்பட்டவர் இன்னோர் ஆவணத்தில் அதற்குக் கீழ்ப்படியான 'ஹஸ்பண்ட்மேன்', அதாவது சிறு உழவர், என்று குறிக்கப்படலாம். நாடகாசிரியர் வில்லியம் ஷேக்ஸ்பியரின் தந்தை ஜான் 1596 அக்டோபரில் குலச்சின்னம் பெற்று நற்குடியினர் வரிசைக்கு உயர்ந்தார். சில மாதங்களுக்குள், 1597 ஜனவரியில், ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு துண்டு நிலத்தை விற்ற பத்திரமோ அவரை யோமன் என்றே அழைக்கிறது. மில்ட்ரட் கேம்ப்பெல் 1942இல் வெளியிட்ட, இன்றும் அடிப்படை நூலாகக் கருதப்படும் யோமன் ஆய்வு, இத்தகுதியைச் சட்டப் பிரிவாகக் கொள்ளாமல் வாழ்க்கைத் தரமும் ஊர் மதிப்பும் சேர்ந்த ஒன்றாகக் கொண்டது. அவ்வாறு கொள்வதே பாதுகாப்பானது. ஆவணங்களில் யோமன் என்ற அடைமொழியை மட்டும் பின்பற்றிச் செல்பவர் ஒரே மனிதரை இருவராகவும், இருவரை ஒருவராகவும் எண்ணிவிடக்கூடும்.

குடிப்பெருமையைத் தேடியவர்கள்

முதல் விடையைத் தந்தவர்கள் குலச்சின்ன அதிகாரிகள். 1530 முதல் 1688 வரை அவர்கள் கவுண்டி கவுண்டியாகச் சுற்றி, சின்னம் தரிக்கும் உரிமை கோரிய குடும்பங்களின் கொடிவழிகளைப் பதிவு செய்தனர். குடும்பத்தார் வாய்மொழியாகச் சொன்னதே பெரும்பாலும் பதிவாயிற்று. சொன்னவர்களுக்கோ மேலே ஏற வேண்டிய தேவை இருந்தது. ஜான் ஷேக்ஸ்பியருக்கான 1596ஆம் ஆண்டு வரைவுகள், அவருடைய முன்னோர் ஏழாம் ஹென்றியிடம் போர்ப்பணிக்காகப் பரிசு பெற்றவர்கள் என்று கூறுகின்றன. அப்படியொரு கொடைக்கு அரச ஆவணங்களில் சான்று கிடைக்கவில்லை.

யோமன்களே எழுதிய குடும்ப வரலாறுகள் மிக அரிது. டெவன் கவுண்டியைச் சேர்ந்த ராபர்ட் ஃபர்ஸ் 1593இல் தம் வாரிசுக்காகத் தொகுத்த ஏடு அவற்றுள் முதன்மையானது. முன்னோர் யார் யாரை மணந்தனர், எந்த நிலம் எந்தத் திருமணத்தின் வழியே வந்தது, எந்த வழக்கில் யார் வென்றார் என்பதையே அது பெரிதும் பேசுகிறது. உரிமைக்கு எதிரான கோரிக்கை எழும்போது மகனுக்குக் கைகொடுக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இந்த நோக்கம் அதைக் குலச்சின்ன அதிகாரிகளின் ஏடுகளைவிட நம்பகமாக்குகிறது என்று கருத இடமுண்டு, ஏனெனில் பொய்யான உறவுமுறை நீதிமன்றத்தில் நிற்காது.

பெஞ்சமின் பிராங்க்ளினின் தன்வரலாறு இன்னொரு வகைச் சான்று. நார்த்தாம்ப்டன்ஷயரின் எக்டன் என்ற ஊரில் தம் குடும்பம் ஏறத்தாழ 30 ஏக்கர் முற்றுரிமை நிலத்தில், கொல்லுத் தொழிலின் துணையோடு, 300 ஆண்டுகள் வாழ்ந்ததாகப் பெரியப்பா ஒருவரின் குறிப்புகளை வைத்து அவர் எழுதினார். அவரே போய்ப் பார்த்த ஊர்த் திருச்சபைப் பதிவேடு 1555இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய காலம் குடும்ப நினைவின் பொறுப்பில் விடப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடும்பங்கள் ஆங்கில வேர்களைத் தேடியபோது இந்த இடைவெளியே போலிக் கொடிவழி தயாரித்தவர்களின் விளைநிலமாயிற்று. 1910இல் ஜே. ஹோரஸ் ரவுண்ட் உயர்குடிக் கொடிவழிகளின் புனைவுகளை இரக்கமின்றித் தோலுரித்த பிறகு, சமகால ஆவணம் இல்லாத எந்த இணைப்பும் இணைப்பாகாது என்ற நெறி வலுப்பெற்றது.

உயில் சொல்வதும் மறைப்பதும்

அந்த நெறிக்கு முதலில் கைகொடுத்தது உயில். 1858 ஜனவரி வரை இங்கிலாந்தில் உயில்களை மெய்ப்பிக்கும் அதிகாரம் பெரும்பாலும் திருச்சபை நீதிமன்றங்களிடம் இருந்தது. சொத்து ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களில் சிதறிக் கிடந்தால் உயில் பேராயரின் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. கேன்டர்பரிப் பேராயரின் நீதிமன்றப் பதிவேடுகள் 1380களிலிருந்து தொடர்கின்றன. 1883 முதல் ஹென்றி ஃபிட்ஸ்கில்பர்ட் வாட்டர்ஸ் லண்டனில் இந்தப் பதிவேடுகளை ஏடு ஏடாகப் படித்து, நியூ இங்கிலாந்தில் குடியேறிய பல குடும்பங்களின் மூலத்தைக் கண்டறிந்தார். ஹார்வர்டு கல்லூரிக்குப் பெயர் தந்த ஜான் ஹார்வர்டின் பெற்றோர் சதர்க்கைச் சேர்ந்தவர்கள் என்பதும் அவ்வாறே தெரியவந்தது. திருச்சபைப் பதிவேடு ஒரு பெயரையும் ஒரு நாளையும் மட்டும் தரும்போது, உயில் ஒரே மூச்சில் மனைவி, பிள்ளைகள், மருமக்கள், பேரர், அண்டை வீட்டார் என்று ஒரு வட்டத்தையே காட்டுகிறது. அதன் கவர்ச்சி இயல்பானது.

ஆயினும் உயில் எதைச் சொல்லக் கடமைப்பட்டதோ அதை மட்டுமே சொல்கிறது. 1540ஆம் ஆண்டின் உயில் சட்டத்துக்கு முன், சில நகரங்களின் வழக்கம் நீங்கலாக, முற்றுரிமை நிலத்தை உயில் மூலம் நேரடியாகக் கொடுக்க முடியாது. நம்பிக்கைக்குரிய சிலர் பெயருக்கு நிலத்தை மாற்றி, அவர்கள் யாருக்காக அதை வைத்திருக்க வேண்டும் என்று அறிவுறுத்தும் சுற்றுவழியே இருந்தது. அதன் பின்னரும் மணமான பெண், கணவரின் இசைவின்றி உயில் எழுத இயலாத நிலை 1882 வரை நீடித்தது. பெண்களின் உயில்கள் பெரும்பாலும் கைம்பெண்களுடையவையாகவும் மணமாகாதவர்களுடையவையாகவும் இருப்பதன் காரணம் இதுவே. திருமணத்தின்போதே நிலம் பெற்றுக்கொண்ட மூத்த மகனுக்கு உயிலில் ஒரு ஷில்லிங் மட்டும் எழுதப்பட்டிருக்கலாம். பெயரே இல்லாமலும் போகலாம். அவன் தந்தையின் வெறுப்புக்கு ஆளானவன் என்று பிற்காலத்தார் கதை கட்டுவது இத்துறையின் பழைய பலவீனங்களில் ஒன்று. மாற்றான் பிள்ளையை மருமகனுக்குரிய சொல்லாலும், உடன்பிறந்தார் பிள்ளையைத் தூரத்து உறவுக்குரிய சொல்லாலும் குறிக்கும் அக்கால வழக்கம் குழப்பத்தைக் கூட்டுகிறது. உயிலின் நடையும் பலவேளை இறப்பவருடையதன்று: மார்கரெட் ஸ்பஃபர்டு கேம்பிரிட்ஜ்ஷயர் கிராமங்களை ஆராய்ந்து, சமயவுரை முகப்பு முதலியவற்றில் உயிலை எழுதிக்கொடுத்த ஊர் எழுத்தரின் கை எவ்வளவு புகுந்துள்ளது என்பதை 1971இல் காட்டினார்.

வோரிக்ஷயரின் வில்ம்கோட் ஊரில் வாழ்ந்த ராபர்ட் ஆர்டன், ஷேக்ஸ்பியரின் தாய்வழித் தாத்தா, 1556 நவம்பர் 24 அன்று எழுதிய உயில் இந்த வலிமைக்கும் குறைக்கும் ஒருங்கே எடுத்துக்காட்டு. ஆஸ்பீஸ் எனப்பட்ட வில்ம்கோட் நிலத்தையும், 6 பவுன் 13 ஷில்லிங் 4 பென்ஸ் பணத்தையும் அவர் இளைய மகள் மேரிக்கு அளித்தார். மனைவி ஆக்னஸுக்கு அதே அளவு பணம், ஆனால் ஒரு நிபந்தனை: இன்னொரு மகளான ஆலிஸ், வில்ம்கோட்டில் பிரபுவின் ஆட்சிக்கு உட்பட்டு வைத்திருந்த நிலத்தில் பாதியைத் தடையின்றி அனுபவிக்க அவர் விட வேண்டும், விடாவிட்டால் தொகை பாதியாகும், ஸ்னிட்டர்ஃபீல்டு என்ற ஊரில் அவருக்கு உள்ள வாழ்நாள் உரிமை மட்டும் எஞ்சும். ஆக்னஸ் பிள்ளைகளைப் பெற்ற தாயல்லர், இரண்டாம் மனைவி என்பதை இந்த நிபந்தனையின் கடுமை உணர்த்துகிறது. ஆனால் ஸ்னிட்டர்ஃபீல்டு நிலம் யாருக்குப் போகிறது என்று உயில் சொல்வதில்லை. 1550இலேயே ராபர்ட் அதைப் பத்திரம் மூலம் தமக்கும் ஆக்னஸுக்கும் வாழ்நாள் உரிமையாகவும், பிறகு மகள்களுக்குச் சேருமாறும் எழுதி முடித்திருந்தார். பல மகள்களின் பெயர்களும் அவர்கள் கணவர்களின் பெயர்களும் அந்தப் பத்திரங்களின் வழியாகவே தெரிகின்றன. உயிலை மட்டும் வைத்து இக்குடும்பத்தின் கொடிவழியை வரைந்தால் ஒரு பெரும் கிளை விடுபட்டிருக்கும்.

இதைவிட எளிய, ஆனால் ஈடுசெய்ய முடியாத குறையும் உண்டு. 1942 மே மாதம் எக்ஸெட்டர் நகரின் மீது நடந்த விமானக் குண்டுவீச்சில் டெவன் கவுண்டியின் உயில்களில் மிகப் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. ஃபர்ஸ் போன்றவர்களின் நாடான அந்தக் கவுண்டியில் ஆய்வு முன்னரே எடுக்கப்பட்ட நகல்களையும் சுருக்கங்களையும் நம்பி நடக்கிறது.

நில ஆவணம்: தொடர்ச்சி உண்டு, குருதி?

இங்கிலாந்தின் நிலம் மேனர் எனப்படும் பிரபுவின் நில ஆட்சி எல்லைகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. அங்கே வழக்கமுறை நிலம் வைத்திருந்தவரின் உரிமைக்குச் சான்று, மேனர் நீதிமன்றச் சுருளில் எழுதப்பட்ட பதிவின் நகல். அதனால் அந்நிலத்துக்கு 'காப்பிஹோல்டு' என்று பெயர். உரிமையாளர் இறந்தால் நீதிமன்றத்தில் கூடும் உழவர் குழு அதை அறிவிக்கும். இறந்தவரின் சிறந்த கால்நடையைப் பிரபு இறப்புத் தீர்வையாக எடுத்துக்கொள்வார். வாரிசு யார், என்ன உறவு, வயது வந்தவரா என்பது பதிவாகும். அவர் நுழைவுக் கட்டணம் செலுத்தி நிலத்தை ஏற்பார். திருச்சபைப் பதிவேடுகள் 1538இல் தாமஸ் குரோம்வெல்லின் ஆணையால்தான் தொடங்கின. அதற்கு முன் ஒருவர் இன்னொருவரின் மகன் என்று வெளிப்படையாகச் சொல்லும் ஆவணம் வேண்டுமானால், சாதாரண உழவர் குடும்பங்களுக்கு இந்தச் சுருள்களைத் தவிர வேறு வழி மிகக் குறைவு. சில மேனர்களில் அவை பதிமூன்றாம் நூற்றாண்டு வரை எட்டுகின்றன. 1926 ஜனவரி 1 அன்று காப்பிஹோல்டு முறை ஒழியும் வரை தொடர்ந்தவையும் உண்டு.

இங்கே ஒரு முரண் கவனிக்கத்தக்கது. உரிமை எவ்வளவு வலியதோ அவ்வளவு குறைவாகவே அது பொது ஆவணத்தில் தடம் பதிக்கிறது. பிரபுவுக்குக் கட்டணம் தர வேண்டிய காப்பிஹோல்டு உழவனின் ஒவ்வொரு தலைமுறையும் சுருளில் ஏறியது. முற்றுரிமை நிலம் வைத்திருந்த யோமனின் பத்திரங்களோ அவன் வீட்டுப் பெட்டியில் கிடந்தன. யார்க்ஷயரின் மேற்குப் பகுதியில் 1704இலும், மிடில்செக்ஸில் அதையடுத்த சில ஆண்டுகளிலும் பத்திரப்பதிவு அலுவலகங்கள் ஏற்பட்டன. பெரும்பாலான கவுண்டிகளுக்கு அந்த வசதியும் இல்லை. 1925ஆம் ஆண்டின் சொத்துச் சட்டம் பழைய பத்திரங்களைக் காட்ட வேண்டிய தேவையைக் குறைத்தபின், பெட்டி பெட்டியாக அவை கழிக்கப்பட்டன. ஆக, இன்று எஞ்சியிருப்பது குடும்பத்தின் பெருமைக்கேற்ப எஞ்சவில்லை. அதன் மீது யாருக்குக் கோரிக்கை இருந்தது என்பதற்கேற்ப எஞ்சியது. பிரபுவுக்குத் தீர்வை, திருச்சபைக்குக் கட்டணம், அரசுக்கு வரி, எதிராளிக்கு வழக்கு ஆகியவை எங்கே குறுக்கிட்டனவோ அங்கேதான் 'இன்னாரின் மகன்' என்ற தொடர் எழுதப்பட்டது. கொடிவழி ஆய்வின் வலிமையையும் வரம்பையும் ஒருசேர விளக்குவது இந்த ஒரு செய்தியே எனலாம்.

ஆர்டன் குடும்பத்துக்கு மீண்டால், 1501ஆம் ஆண்டின் நிலக்கிரயப் பத்திரம் ஒன்று வில்ம்கோட்டைச் சேர்ந்த தாமஸ் ஆர்டனையும் அவர் மகன் ராபர்ட்டையும் சேர்த்தே குறிப்பிடுவதால், ஒரு தலைமுறை உறுதியாகப் பின்னோக்கிச் செல்ல முடிகிறது. அந்தத் தாமஸ், நார்மன் படையெடுப்புக்கு முந்தைய மரபு எனக் கருதப்படும் பார்க் ஹால் ஆர்டன்களின் இளைய கிளையா என்பது வேறு விஷயம். ஆதரிப்போர் பெயர் ஒற்றுமையையும் காலப் பொருத்தத்தையும் காட்டுகின்றனர். இரு குடும்பங்களையும் இணைக்கும் ஆவணம் எதுவும் முன்வைக்கப்படவில்லை. நில ஆவணத்தின் ஆற்றலை இதே ஊர் இன்னொரு வகையிலும் மெய்ப்பித்தது. பதினெட்டாம் நூற்றாண்டு முதல் மேரி ஆர்டனின் இல்லம் என்று காட்டப்பட்டு, பயணிகள் திரண்டு வந்த வீடு உண்மையில் அண்டை வீட்டாரான ஆடம் பாமருடையது என்பதும், பக்கத்திலிருந்த பண்ணை வீடே ஆர்டன்களுடையது என்பதும் 2000ஆம் ஆண்டில் நில எல்லைகளை ஆவணங்களோடு ஒப்பிட்ட ஆய்வால் வெளிப்பட்டன. இருநூறு ஆண்டு ஊர் மரபு சில ஏடுகளின் முன் நிற்கவில்லை.

குடும்பமும் நிலமும் பிணைந்திருந்தனவா?

இந்த ஆவணங்களைத் தனிக் குடும்பங்களுக்காக அன்றி முழு ஊர்களுக்காகப் படித்தபோது எழுந்ததே 1978க்குப் பிந்தைய பெரும் விவாதம். ஆலன் மேக்ஃபார்லேன் அவ்வாண்டு வெளியிட்ட நூலில், எஸ்ஸெக்ஸின் ஏர்ல்ஸ் கோன் உள்ளிட்ட ஊர்களை முன்வைத்து, பதிமூன்றாம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலேய உழவர் நிலத்தைத் தனிமனிதச் சொத்தாகக் கருதி விற்றும் வாங்கியும் வந்தனர், தலைமுறை தலைமுறையாக ஒரே நிலத்தில் நிலைத்த குடும்பம் அங்கே விதிவிலக்கு என்று வாதிட்டார். இக்கருத்து சரியானால் எக்டனின் 300 ஆண்டுகள் போன்ற குடும்ப நினைவுகளை ஐயத்தோடுதான் அணுக வேண்டும்.

எதிர்ப்பு பல திசைகளிலிருந்து வந்தது. ஹேல்ஸோவன் மேனரின் இடைக்காலச் சுருள்களை ஆராய்ந்த ஸ்வி ராஸி, நிலம் 'அந்நியருக்கு' மாறியதாகத் தோன்றும் நிகழ்வுகளில் பல உண்மையில் மருமகன், சகோதரியின் மகன் போன்ற வேறு குடும்பப்பெயர் தாங்கிய உறவினருக்கே சென்றவை என்று காட்டினார். 1991இல் கோவிந்த் ஸ்ரீநிவாசன் மேக்ஃபார்லேனின் சொந்தக் களமான ஏர்ல்ஸ் கோனையே எடுத்துக்கொண்டு குடும்ப–நிலப் பிணைப்பு சொல்லப்பட்டதைவிட வலுவானது என்றார். ரிச்சர்டு ஹாயில் 1995இல் அதை மறுத்தார். ஹாயிலும் ஹென்றி பிரெஞ்சும் 2007இல் அந்த ஊரைப் பற்றித் தனி நூலே எழுதினர். ஒரே ஊரின் ஒரே ஆவணங்கள் மூன்று முடிவுகளுக்கு இடம் தருவது சற்றுச் சங்கடமானதுதான்.

முரண்பாட்டின் ஒரு பகுதி எண்ணும் முறையில் இருக்கிறது என்பதை ஆஸ்பீஸ் நிலமே காட்டும். ஆர்டனிடமிருந்து மகள் மேரி வழியே அது அவர் கணவர் ஜான் ஷேக்ஸ்பியருக்குச் சென்றது. 1578இல் ஜான் ஷேக்ஸ்பியர் அதை 40 பவுனுக்கு எட்மண்ட் லாம்பர்ட்டிடம் அடகு வைத்தார். மீட்க முடியாமல் அது லாம்பர்ட்டின் மகனிடம் தங்கிவிட, 1597இலும் வழக்கு தொடர்ந்தது. குடும்பப்பெயரை மட்டும் பார்ப்பவருக்கு இது நாற்பதாண்டுக்குள் மூன்று குடும்பங்களிடம் கைமாறிய நிலம். ஆனால் எட்மண்ட் லாம்பர்ட், மேரியின் அக்கா ஜோனின் கணவர். 1579இல் ஸ்னிட்டர்ஃபீல்டு பங்கை வாங்கிய ராபர்ட் வெப்பும் இன்னொரு சகோதரியின் மகன். ஆகவே இரு நிலங்களுமே ராபர்ட் ஆர்டனின் பேரப்பிள்ளைகளின் வட்டத்தை விட்டு வெளியேறவில்லை. அதே வேளையில் இதைக் குடும்பப் பற்றின் சான்றாகக் கொள்வதும் மிகை. அவசரப் பணத்துக்கு முதலில் அணுகக்கூடியவர் உறவினர் என்பது போதுமான விளக்கமாகலாம், பிறகு நடந்த வழக்கின் கசப்பும் அதையே காட்டுகிறது.

எஞ்சும் ஐயங்கள்

குடும்பப்பெயரையும் ஆண்வழி மரபணுவையும் ஒப்பிடும் ஆய்வுகள் 2000ஆம் ஆண்டுக்குப் பின் இன்னொரு வழியைத் திறந்தன. சைக்ஸ் என்ற பெயருடையோரைச் சோதித்த பிரையன் சைக்ஸின் ஆய்வில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஒரே ஆண்வழிக் குறியைக் கொண்டிருந்தனர். அரிய பெயர்களில் இத்தகைய ஒற்றுமை மிகுதி, ஸ்மித் போன்ற பரவலான பெயர்களில் இல்லை என்று டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் பின்னர் நிறுவினர். பொது முன்னோர் ஒருவர் இருந்தார் என்பதை இது சொல்லும். அவர் எந்த மேனரில் எந்த நிலத்தை வைத்திருந்தார் என்பதைச் சொல்லாது. பெண்வழியே நிலம் சென்ற ஆர்டன் போன்ற குடும்பங்களுக்கோ இதனால் பயன் குறைவு.

மேலும் கடினமானது உள்குத்தகையாளரின் நிலை. மேனர் சுருள் நிலத்தை வைத்திருந்தவரைப் பதிவு செய்தது; அதை உழுதவரைப் பதிவு செய்யும் கடமை அதற்கு இல்லை. யோமன் குடும்பங்களில் எத்தனை அவ்வாறு பதிவுக்கு வெளியே தொடங்கி, ஒரு தலைமுறையில் நிலம் வாங்கியதால் திடீரெனச் சுருளில் தோன்றின என்பதை மதிப்பிட நம்பகமான வழி இன்னும் உருவாகவில்லை. ஷேக்ஸ்பியரின் இரு தாத்தாக்களும் இந்த வேறுபாட்டை அருகருகே காட்டுகின்றனர். நிலம் உடைய ராபர்ட் ஆர்டனின் அசையும் சொத்து 77 பவுன் 11 ஷில்லிங் 10 பென்ஸ் என மதிப்பிடப்பட்டது. அவருடைய தந்தை யார் என்பதும் தெரிகிறது. அவருடைய ஸ்னிட்டர்ஃபீல்டு நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிட்ட ரிச்சர்டு ஷேக்ஸ்பியர் உயில் எழுதாமல் இறந்தார். 1561 பிப்ரவரியில் அவருடைய 38 பவுன் 17 ஷில்லிங் சொத்தின் நிர்வாகம் மகன் ஜானிடம் ஒப்படைக்கப்பட்டபோதுதான் தந்தை–மகன் உறவுக்கு எழுத்துச் சான்று கிடைக்கிறது. ஸ்னிட்டர்ஃபீல்டு பதிவுகளில் ரிச்சர்டு 1529 வாக்கில் முதன்முதலாகத் தென்படுகிறார். அதற்கு முன் ராக்ஸல், பாட்ஸ்லி கிளின்டன் முதலிய வோரிக்ஷயர் ஊர்களில் ஷேக்ஸ்பியர் என்ற பெயர் பலருக்கு இருந்ததால் ஒவ்வோர் ஊரும் அவருக்குப் பிறப்பிடமாக முன்மொழியப்பட்டுள்ளது. அவர்களில் ஒருவரை அவரோடு இணைக்கும் சுருளோ பத்திரமோ கிடைக்கும் வரை அம்முன்மொழிவுகளைக் கருதுகோள் என்ற தலைப்பின் கீழ் வைப்பதே பொருந்தும்.